சரிக்கா

திருப்பூரில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். போன வருஷம் ஒடிசாவிலிருந்து பனியன் கம்பெனிக்கு வந்த ஒரு தம்பிக்குச் சளிப் பரிசோதனையில் நோய் உறுதியானது. ஆறு மாதம் மாத்திரை, நடுவில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காது என்று தமிழிலும் அரைகுறை இந்தியிலும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் “சரிக்கா” என்றான்.

பத்து நாளில் ஆளைக் காணோம். லைன் வீட்டைத் தேடிப் போனால், மாத்திரை அட்டை பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. பக்கத்து அறைப் பெண் ஒடியாவில் பேசி விஷயத்தை வாங்கினார். சிறுநீர் சிவப்பாகப் போகிறதாம், ரத்தமென்று பயந்துவிட்டான். அந்த மாத்திரைகளில் உள்ள ரிஃபாம்பிசின் என்ற மருந்தைச் சாப்பிட்டால் ஆரஞ்சு நிறமாகத்தான் போகும், பயப்பட ஒன்றுமில்லை. அதையும் சொல்லியிருந்தேன். தமிழில்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. எல்லோரையும் சமமாக நடத்த வேண்டும் என்றார்கள். தலையாட்டினோம், இவன் ‘சரிக்கா’ சொன்ன மாதிரியே. யாரையும் நாங்கள் விரட்டியதில்லை. ஆனால் காலை ஓ.பி.க்கு வந்தால் அவனுக்கு ஒரு ஷிப்ட் போச்சு, சனிக்கிழமை சம்பளத்தில் துண்டு விழும். காசநோயாளிகளுக்குச் சத்தான சாப்பாட்டுக்கென்று அரசு தரும் உதவித்தொகை 2024 நவம்பரில் 500 ரூபாயிலிருந்து மாதம் 1000 ரூபாயானது. வங்கிக் கணக்கில்தான் போடுவார்கள். இவனுடைய பாஸ்புக்கும் கார்டும் ஊரில் அப்பாவிடம்.

அந்தப் பெண் செக்கிங் வேலை செய்பவர். “ஞாயித்துக்கெழம வேணா கூட வர்றேங்க்கா” என்றார். அவர் வந்தபிறகுதான், தம்பியின் அறையிலேயே இன்னும் இரண்டு பேர் இருமலை மறைத்துக்கொண்டு இருந்தது தெரிந்தது. நோய் என்று தெரிந்தால் ஏஜென்ட் ஊருக்கு அனுப்பிவிடுவான் என்ற பயம். என்னிடம் சொல்வார்களா அதை? இன்னொன்றும் கவனித்தேன். “புரிந்ததா?” என்று அவர் கேட்பதே இல்லை. “இப்போ நீ சொல்லு” என்கிறார். பதினைந்து வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன், எனக்கு அது தோன்றவில்லை.

தம்பி ஆறு மாதத்தை முடித்துவிட்டான். ஒடியா தெரிந்த ஒருவரை வேலைக்கு எடுங்கள் என்று மேலே கேட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு பணியிடமே இல்லையாம். அப்புறம் என்ன, அவர் இன்னமும் தன் ஓய்வு நாளில் வருகிறார். ஷிப்மென்ட் அவசரம் என்று ஞாயிறும் கம்பெனி ஓடினால் வரமாட்டார். அன்றைக்கு மறுபடியும் நானும் “சரிக்கா”வும்தான்.