பாறை மண்ணில் உறிஞ்சுகுழி

சமையல், குளியல் கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழிக்கு ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழம் என்பது வழக்கமான அளவு. தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், அரூர் பக்கம் பல இடங்களில் மூன்றடியிலேயே பாறை தட்டும். அங்கே ஆழத்தை விட்டு நீளவாக்கில் வெட்டுங்கள். மண் எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது என்று குழியில் தண்ணீர் ஊற்றிச் சோதிப்பதை மறுநாளும் செய்ய வேண்டும். வறண்ட மண் முதல் தடவை எல்லாவற்றையும் குடித்து ஏமாற்றும்!

அடியில் பெரிய கல், மேலே சிறுசிறு ஜல்லி, அதன்மேல் சாக்கு, மண்.

குழி அடைபடக் காரணம் பெரும்பாலும் சோற்றுப் பருக்கையும் எண்ணெயும்தான். முன்னால் ஓரடிச் சதுரத்தில் வண்டல் தொட்டி கட்டி, வெளியேறும் குழாயில் எல்போ என்னும் வளைவு இணைப்பைக் கீழ்நோக்கி மாட்டினால் மிதக்கும் பிசுக்கு தொட்டியிலேயே நிற்கும். வாரம் ஒருமுறை அள்ளாவிட்டால் தொட்டி வீண்.

கிணற்றிலிருந்து பத்து மீட்டராவது தள்ளி வெட்டுங்கள். வெடிப்புப் பாறையென்றால் இன்னும் தள்ளி. விரிசல் வழியாகக் கழிவுநீர் வடிகட்டப்படாமலே ஓடிவிடும். கழிவறைக் குழாயை இதில் சேர்க்கவே கூடாது.