கண் சிமிட்ட முடியாதவருக்கு வங்கிக் கணக்கு கிடையாதா?

கைப்பேசி வழியாக வங்கிக் கணக்கு தொடங்கும்போது, எதிரில் இருப்பது உயிருள்ள மனிதரா, வெறும் புகைப்படமா என்று அறிவதற்காக, கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்வது வழக்கமாகிவிட்டது. மோசடியைத் தடுக்க இப்படியொரு சோதனை தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், அமில வீச்சில் இமைகள் சிதைந்துபோன ஒருவரிடமும் செயலி அதையேதான் கேட்கிறது. அவரால் சிமிட்ட முடியாதபோது விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடுகிறது. பார்வையற்றவருக்கோ, திரையில் தெரியும் வட்டத்துக்குள் முகம் வந்துவிட்டதா என்று சொல்லும் குரல்கூட இருப்பதில்லை.

அமில வீச்சுக்கு உள்ளானவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு, மின்னணுச் சேவைகளை அணுகுவது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து, 20 கட்டளைகளையும் பிறப்பித்தது. கண் சிமிட்டலுக்கு மாற்று வழி, கைநாட்டை ஏற்பது, காகித வழிச் சரிபார்ப்பைத் தொடர்வது ஆகியவை அவற்றுள் அடங்கும். செயலியை வெளியிடுவதற்கு முன் நடக்கும் சோதனையில் பார்வையற்றவர்களையும் சேர்க்க வேண்டும் என்ற கட்டளையையே நான் முதன்மையானதாகக் கருதுகிறேன். கண் சிமிட்டும் சோதனையை வடிவமைத்தவர்கள் யாருக்கும் தீங்கு நினைத்திருக்க மாட்டார்கள். தங்கள் முகத்தைப் போன்ற முகங்களை மட்டுமே மனத்தில் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். வேண்டுமென்றே விலக்கினார்களா, நினையாமல் விட்டார்களா என்ற வேறுபாட்டால் விலக்கப்படுபவருக்கு எந்தப் பயனும் இல்லை. ஆகவே, வெளியிட்ட பிறகு புகார் வந்தால் திருத்திக்கொள்ளலாம் என்பதை நான் பொறுப்பான அணுகுமுறையாக ஏற்க மாட்டேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டே வந்துவிட்டது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

தமிழில் இயங்கும் நமக்கும் இதில் பங்கு உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர்கள் இருவர் 2006இல் தொடங்கிய என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் (கணினித் திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருள்), எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் உள்ள தமிழை வாசித்துக் காட்டும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளோ அதற்குப் பொருளற்ற எழுத்துக் குவியலாகவே கிடைக்கின்றன. வருடி எடுத்துப் படமாகப் பதிவேற்றிய அறிவிப்பைத் திறந்தால் படம் என்பதற்குமேல் அதனால் எதுவும் சொல்ல முடிவதில்லை. ஒரு தேர்வு அறிவிப்பின் கடைசித் தேதியைத் தெரிந்துகொள்வதற்கும் இன்னொருவரை அழைத்துப் படிக்கச் சொல்ல வேண்டிய நிலை இதனால்தான் வருகிறது. அச்சுக்கு அனுப்பும் முன் அந்த அறிவிப்பு ஏதோ ஒரு கணினியில் உரையாகத்தான் இருந்திருக்கும். அதை யூனிகோடு உரையாகவே இணையதளத்தில் ஏற்றுவதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டியதில்லை.