சமையலறையில் ஒரு சூரை

2020 ஏப்ரலில் சிங்கப்பூரில் கிருமி முறியடிப்புக் கட்டுப்பாடுகள் வந்தபோது எங்கள் பயிற்சிக் கூடத்தையும் பூட்டினார்கள். பல நாட்டு மீன்வளத் துறை ஊழியர்களுக்கு நேரில் நடத்திவந்த வகுப்பு, ஈசூன் வட்டாரத்து வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் என் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது.

இங்கே காலை 10 மணி என்றால் யாழ்ப்பாணத்தில் 7.30, பிஜியில் பிற்பகல் 2. ஒருவர் கொட்டாவி விடுவார், இன்னொருவர் உண்ட மயக்கத்தில் இருப்பார். பாதிப் பேர் கேமராவைத் திறக்கவே மாட்டார்கள். 1982 கடல் சட்ட ஒப்பந்தப் பாடத்தில், அதை உருவாக்கிய ஐ.நா. மாநாட்டைத் தலைமை தாங்கி முடித்துவைத்தவர் எங்கள் ஊர் டாமி கோ என்று பெருமையாக ஒரு ஸ்லைடு வைத்திருந்தேன். ஏதாவது கேள்வி உண்டா என்று கேட்டேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் என் வீட்டு விசிறி.

ஆகஸ்டில் மீன் அளக்கும் பாடம் வந்தது. படம் காட்டி ஒப்பேற்றலாம்தான், மனசு வரவில்லை. தேக்கா சந்தையில் ஒரு சூரை வாங்கிவந்து, லேப்டாப்பைச் சமையலறைக்கு நகர்த்தினேன். அம்மாவின் தையல் டேப்பை மூக்கு நுனியிலிருந்து வால் பிளவு வரைக்கும் பிடித்து, 50 சென்டிமீட்டர் என்று அறிவித்தேன்.

“சேர், பிழை.”

தமிழ்! மூன்று வாரமாக வாயே திறக்காத யாழ்ப்பாணத்துப் பெண் ஊழியர். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தது. அவருக்கு ஆர்வமில்லை என்று நானே முடிவு கட்டியிருந்தேன். பேசக் கூச்சமாக இருக்கலாம் என்று தோன்றவே இல்லை.

“ரேப்பை மீனுக்கு மேல வளைச்சுப் பிடிச்சிருக்கிறியள். மீனைக் கிடத்தி நேரா அளவுங்கோ.”

சரி என்று டேப்பை மேசையில் ஒட்டி, மீனை அதன் பக்கத்தில் கிடத்தினேன். 48தான். வெறும் 2 சென்டிமீட்டர் என்று விட முடியாது. மீனின் எடை ஏறக்குறைய நீளம் × நீளம் × நீளம் என்ற கணக்கில் கூடும். கணக்குப் போட்டால் எடை 13 விழுக்காடு கூடிவிடுகிறது. ஓர் இறங்குதுறையில் வருஷம் முழுக்க இப்படி அளந்தால், கடலில் பெரிய மீன்கள் தாராளமாக இருப்பதாக ஏடு சொல்லும். எவ்வளவு பிடிக்கலாம் என்பதையும் அந்த ஏட்டை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

அவர் சொன்னதை மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். பிஜிக்காரர் கேமராவைத் திறந்தார். அப்புறம் கேள்விக்குப் பஞ்சமில்லை. “மீன் கெட்டுப்போகுதுடா, எப்பக் குழம்பு வைக்கிறது?” என்ற அம்மாவின் குரலும் பதிவில் இருக்கிறது.

அடுத்த வகுப்பை அந்த யாழ்ப்பாணத்து ஊழியரிடமே ஒப்படைத்தேன். கைப்பேசியோடு இறங்குதுறைக்குப் போய்விட்டார். படம் ஆடியது, காற்று இரைந்தது, காகம் கத்தியது. ஒவ்வொரு மீனாகப் பலகையில் வைத்து எண்ணைச் சொல்லிக்கொண்டே போனார். டேட்டா தீர்ந்து படம் உறைந்தபோது 23 மீன் அளந்திருந்தார்.