சும்மா கிடக்கும் வென்ஃப்ளான்

ஜூன் 3
இன்றிலிருந்து எங்கள் மெடிக்கல் வார்டில் தொற்றுக் கணக்கு என் தலையில். ரவுண்ட்ஸ் முடிந்ததும் கட்டில் கட்டிலாகப் போய் எண்ணினேன். 28 பேரில் 19 பேர் கையில் வென்ஃப்ளான், அதாவது ட்ரிப்பும் மருந்தும் ஏற்ற நரம்பில் செருகி வைக்கும் சின்ன பிளாஸ்டிக் குழாய். அதில் 6 பேருக்கு ட்ரிப்பும் இல்லை, ஊசி மருந்தும் இல்லை, மாத்திரைக்கு மாறியாயிற்று. 11ஆம் கட்டில் தாத்தாவுக்கு எடுக்கப் போனேன். மகன் விடவில்லை. "இருக்கட்டும் சிஸ்டர், நாலு இடத்துல குத்தித்தான் நரம்பே கிடைச்சுது." சரி என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 4
தாத்தாவுக்குக் காய்ச்சல் 102. ஊசி இருந்த இடம் சிவந்து, நரம்பு கயிறு மாதிரி தடித்திருக்கிறது. மருந்தின் காரத்தாலும் நரம்பு இப்படிப் புண்ணாகும். ஆனால் காய்ச்சலும் சேர்ந்தால் வேறு கதை. பிளாஸ்டர் நனைந்து ஓரம் பெயர்ந்திருந்தது. போட்ட தேதியும் எழுதவில்லை. ஊசியை எடுத்துவிட்டு, இரத்தம் கல்ச்சருக்கு, கிருமி வளர்கிறதா என்று பார்க்க, போனது.

ஜூன் 6
ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ். மூக்கிலும் தோலிலும் பேசாமல் குடியிருக்கும் கிருமிதான். இரத்தத்துக்குள் போய்விட்டதால் குறைந்தது 14 நாள் ஊசி மருந்து. அதற்கு இன்னொரு வென்ஃப்ளான். நேற்றே வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர்.

ஜூன் 7, இரவு
தூக்கம் வரவில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் ஐசியூக்களில் டாக்டர் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் செய்ததைத் திரும்பப் படித்தேன். சென்ட்ரல் லைன் (இதயத்துக்குப் பக்கத்துப் பெரிய நரம்பு வரை போகும் நீளக் குழாய்) போட ஐந்தே விஷயம்: கை கழுவு, நோயாளியை முழுக்கத் துணியால் மூடு, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் துடை, தொடையில் போடாதே, தேவையில்லை என்றால் எடுத்துவிடு. 2006இல் வெளியான ஆய்வு. 103 ஐசியூக்கள். லைன் உடம்பில் இருக்கும் 1000 நாளுக்கு 2.7 ஆக இருந்த இரத்தத் தொற்றின் இடைநிலை அளவு மூன்றே மாதத்தில் பூஜ்யம். அவருடைய மருத்துவமனையில் வரிசை தவறினால் நர்ஸ் டாக்டரையே நிறுத்தலாமாம். எங்கள் வார்டில் நான் நிறுத்துவதை நினைத்துப் பார்த்தேன். சிரிப்புதான் வந்தது.

எங்களுடையது கையில் போடும் சின்ன ஊசி. ஆனால் அந்த ஐந்தாவது விஷயம் எங்களுக்கும் சேர்த்துத்தான்.

ஜூன் 9
ட்ராலியைக் குடைந்தேன். முன்கூட்டியே வெட்டி ஓரத்தில் ஒட்டிவைத்த பிளாஸ்டர் துண்டுகள். எத்தனை கை பட்டதோ. சலைன் பாட்டில் மூடியில் நிரந்தரமாக ஒரு ஊசி குத்தி நிற்கிறது, வென்ஃப்ளானை ஃப்ளஷ் செய்ய, அதாவது அலசிவிட, எல்லோரும் அதிலிருந்தே உறிஞ்சுகிறார்கள். ஒரு கட்டில் கிருமி அடுத்த கட்டிலுக்குப் போக இதைவிட நல்ல வழி வேண்டாம். எல்லாவற்றையும் குப்பையில் போட்டேன். சீனியர் சிஸ்டர் இரண்டு மணி நேரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் அவரே வந்து, மருந்து ஏற்றும் முன் ஊசி வாயை ஸ்பிரிட் பஞ்சால் எவ்வளவு நேரம் தேய்க்க வேண்டும் என்று கேட்டார். 15 விநாடி, காயவும் விட வேண்டும் என்றேன்.

ஜூன் 13
26 பேரில் 13 பேர் கையில் வென்ஃப்ளான். சும்மா கிடந்தது ஒன்று, எடுத்தாயிற்று. 11ஆம் கட்டில் தாத்தாவுக்கு இன்று மறுபடியும் நரம்பு மாற்றினோம். பிளாஸ்டரில் தேதி எழுதும்வரை கையை இழுத்துக்கொள்ளவில்லை. "நல்லாப் பெருசா எழுதும்மா, எம் மவனுக்குக் கண்ணு தெரியாது" என்றார்.