மூன்றாவது வரிசையில் இருந்து பார்த்தேன்

நேற்று, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறையில், நூறு நாற்காலிகூடத் தேறாத ஒரு சின்ன அரங்கில் தமிழ் நகைச்சுவை நாடகம். இங்கே தமிழ் வீடுகளுக்குக் குறைவில்லை, ஆனால் தமிழ் நாடகம் என்றால் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோதான் பஸ் ஏறுவோம். அதிலும் மாமியார் வேடத்தில், சீரியலில் தினமும் அழுகிற என் பிரிய நடிகை! அம்மாவோடு மூன்றாவது வரிசையில் இடம் பிடித்துவிட்டேன்.

சர்க்கரை நோய்க்கார மாமியார், மருமகளுக்குத் தெரியாமல் காபி குடிக்கிறார். மருமகள் வந்துவிடுகிறாள். டம்ளர் முந்தானைக்குள், காபி வாய்க்குள். "நானா குடிச்சேன்?" என்று கண்ணாலேயே கேட்டார். அரங்கமே சிரித்தது. அவர் அவசரப்படவில்லை. கடைசிச் சிரிப்பு அடங்கும்வரை உப்பிய கன்னத்தோடு நின்று, அப்புறம்தான் விழுங்கினார். மறுபடியும் வெடித்தது சிரிப்பு. சீரியலில் இந்த நிதானத்தை எடிட்டர் வெட்டியிருப்பார். மனோரமா ஆச்சியும் 1958இல் சினிமாவுக்கு வருமுன் மேடையில் பழகியவர்தானே.

முன்வரிசைப் பாட்டி ஒருவர், "அவ குடிச்சா, நான் பார்த்தேன்!" என்று கத்த, இவர் சட்டென்று திரும்பி, "பாட்டி, உங்களுக்கும் ஒரு வாய் தரேன், சொல்லிராதீங்க" என்றார். மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்டது.

முடிந்ததும் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சீரியல்ல ரொம்ப அழாதே கண்ணு" என்றார். அவர் முந்தானையில் நிஜக் காபி வாசம் வந்தது.