பாத்ரூம் லைட் சுவிச்ச வெளியில போடுங்கோ

திருகோணமலை உப்புவெளிப் பக்கம் வாடகைக்கு விடக் கட்டுற ரூம்களில பாத்ரூம் நாலடி அகலத்துக்குத்தான் வருது, அதுக்குள்ள ஷவர், கொமட், பேசின் எல்லாத்தையும் வச்சிட்டு லைட் சுவிச்சையும் ஷவருக்குப் பக்கத்துச் சுவரிலயே அடிச்சு விடுறாங்கள், பாக்கவே நெஞ்சு பதறுது.

நம்மட வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். தோல் நனைஞ்சா கரண்டத் தடுக்கிற சக்தி நல்லாக் குறைஞ்சிடும், வெறுங்காலோட ஈர நிலத்தில வேற நிக்கிறம்.

பிரிட்டிஷ் வயரிங் விதி பீஎஸ் 7671 என்ன சொல்லுதெண்டா, காலுக்குக் கீழ ஷவர் ட்ரே எண்ட தட்டு இல்லாம தரையிலயே நிண்டு குளிக்கிற ஷவரெண்டா, தண்ணி வாற வாயில இருந்து 1.2 மீற்றர் சுத்திவர, 2.25 மீற்றர் உயரம் வரைக்கும் சாதாரண சுவர் சுவிச் கூடாது. நாலடி எண்டாலே 1.2 மீற்றர்தானே, அப்ப அந்தப் பாத்ரூமில சுவிச்சுக்கு எங்க இடம்? ஒண்டில் கதவுக்கு வெளிய, இல்லாட்டி சீலிங்கில கயிறு இழுக்கிற சுவிச்.

கடல் காத்து வேற. பழைய சுவிச் ஒண்டப் பாருங்கோ, ஆணித் தலை துருவேறி, அதில இருந்து சுவரில மண்ணிறக் கோடு வழிஞ்சிருக்கும். மாரிக்கு முதல் எலக்ட்ரீசியனக் கூப்பிட்டு மாத்திப்போடுங்கோ.

கரண்ட் கசிஞ்சா தானா நிப்பாட்டுற 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச் கட்டாயம் வேணும், அதில இருக்கிற டெஸ்ட் பட்டன இடைக்கிட அமத்திப் பாக்கவும் வேணும். அது இருக்கெண்டு சுவிச்ச உள்ளுக்கு விடேலாது.