பரண் நிறைந்த வீடு

பிளஸ் ஒன்னுக்கு வேதியியல் எடுப்பவனிடம் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் ‘இது பரீட்சைக்கு வருமா சார்’ என்பதுதான். அந்தப் பையன் வேறு மாதிரி கேட்டான். பிளீச்சிங் பவுடர் எத்தனை மாசம் வீரியத்தோடு இருக்கும்? பெட்ரோல் கெட்டுப்போகுமா? ஜெனரேட்டரை வீட்டுக்குள் படிக்கட்டுக்கு அடியில் வைத்து ஓட்டலாமா? மூன்றாவது கேள்விக்கு, வகுப்பு முடிந்ததும் இருக்கச் சொன்னேன்.

இது 2022-ல். எங்கள் பள்ளி தாம்பரத்துக்கு மேற்கே, அடையாற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2015 டிசம்பரில் படகு வந்த தெருக்கள். ஐப்பசி பிறந்ததும் பால் பவுடரும் மெழுகுவத்தியும் வாங்கி வைப்பவரை இங்கே யாரும் கிறுக்கு என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் இவன் அப்பாவின் கணக்கு மழையில் தொடங்கியதல்ல. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் இவன் அம்மா போய்விட்டார். ரெம்டெசிவிர் வாங்க கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ராப்பகலாக நின்ற கூட்டத்தில் இவன் அப்பாவும் இருந்தார். மருந்து கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த மருந்து உயிரைக் காப்பாற்றும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2020 நவம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. இதை அவரிடம் எந்த வாயால் சொல்வது?

முதலில் வாங்கியது ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர். காற்றில் உள்ள நைட்ரஜனை ஜியோலைட் என்ற நுண்துளைத் தாதுவில் பிடித்துக்கொண்டு ஆக்சிஜனை வெளியே விடும் இயந்திரம். அது ஓட கரண்ட் வேண்டும், அதனால் இன்வெர்ட்டர் வந்தது. கரண்ட் நாள் கணக்கில் போனால் இன்வெர்ட்டரும் படுத்துவிடும், அதனால் ஜெனரேட்டர். அதற்கு பெட்ரோல், கேன் கேனாக. இப்படி ஒவ்வொரு சாமானும் அடுத்ததைக் கூட்டிக்கொண்டு வந்தது. ஒரு ஓட்டையை அடைத்தால் அடுத்த ஓட்டை கண்ணில் படும். ‘போதும்’ என்று நிறுத்தும் இடமே அதில் கிடையாது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தால் தண்ணீர் அடையாற்றில்தான் வரும்; தினசரி காலண்டர் தாளில் அன்றைய ஏரி மட்டத்தை எழுதி வைப்பாராம். முழுக் கொள்ளளவு 24 அடி. 21 தாண்டினால் அன்றைக்கு ராத்திரி சமையல் கிடையாது, மூட்டை கட்டும் ஒத்திகைதான்.

பையன் இதைப் புகாராகச் சொல்லவில்லை. “ராத்திரி வந்து என் விரல்ல ஆக்சிமீட்டர் மாட்டுவார் சார். நான் தூங்குற மாதிரியே கிடப்பேன். தொண்ணூத்தெட்டுன்னு பார்த்துட்டா போயிடுவார்” என்றான். பதினாறு வயது. அப்பா தூங்க வேண்டும் என்பதற்காக இவன் தூங்குவதாக நடித்துக்கொண்டிருந்தான். அரிசி டிரம்மில் வண்டு பிடிக்காமலிருக்க வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போடுவது, காலாவதித் தேதிகளை நோட்டில் எழுதுவது, பழசாவதை அப்பாவுக்குத் தெரியாமல் சமையலில் தள்ளிவிடுவது எல்லாம் இவன் வேலை. ஒத்திகையைப் பேரம் பேசி சனிக்கிழமைக்கு மட்டும் என்று குறைத்திருந்தான். மாதிரித் தேர்வு வாரத்தில் அதுவும் கிடையாது. இந்தச் சாமர்த்தியம் எனக்கு அந்த வயதில் இருந்ததில்லை.

ஆசிரியர் அறையில் ஆளுக்கொன்று சொன்னார்கள். ‘அவருக்கு மறுகல்யாணம் பண்ணி வையுங்கள்’ என்பது வரை போனது. நான் அவரைப் பள்ளிக்கு வரச் சொன்னேன். ‘மனசைத் தேத்திக்கோங்க’ என்று தொடங்கினால் எழுந்து போய்விடுவார் என்று பட்டது. அதனால் பெட்ரோலைப் பற்றிப் பேசினேன். “சார், மூடின அறையில பெட்ரோல் ஆவி தேங்கினா ஒரு சுவிட்ச் பொறி போதும். வீட்டுக்குள்ள ஜெனரேட்டர் ஓட்டினா கார்பன் மோனாக்சைடு வரும், அதுக்கு வாசனை கிடையாது. தூக்கத்துலயே முடிஞ்சிடும். பையனும் அங்கதானே படுக்கிறான்?” அவர் சட்டைப்பையிலிருந்து பேனா எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். அந்த வாரமே கேன்கள் வெளியே போயின. அப்புறம் 14416 மனநல உதவி எண்ணைக் கொடுத்தேன். வாங்கிப் பட்டியலோடு சேர்த்துக்கொண்டார். பேசினாரா என்று பையனைக் கேட்டேன், உதட்டைப் பிதுக்கினான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எங்கள் பக்கம் மறுபடி தண்ணீர் புகுந்தது, கரண்ட் இல்லை. தெருவில் பாதிப் பேர் அவர் வீட்டில்தான் போன் சார்ஜ் போட்டார்கள், ஒரு கைக்குழந்தைக்குப் பால் பவுடர் போனது. “அந்த மூணு நாளும் அப்பா நல்லாத் தூங்கினார் சார்” என்றான் பையன். ஜெயித்துவிட்ட மாதிரி இருந்திருக்கும், இனி நிறுத்திவிடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். ஜனவரியில் காற்றடைக்கும் ரப்பர் படகுக்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தார்.

பிளஸ் டூ முடிந்ததும் பையன் கோயம்புத்தூரில் விடுதியோடு கல்லூரி கேட்டான். ‘நான் போறது அப்பாவுக்கும் நல்லது சார், என்னை வச்சுத்தான் அவர் பயப்படறார்’ என்று அவனே காரணமும் சொன்னான். அது சரியா என்று எனக்கு இன்னமும் சந்தேகம். தனியாக இருக்கும் மனிதர் இன்னும் அதிகமாகப் பயப்படலாம். இருந்தும் அவனுக்காக அப்பாவிடம் பேசினேன். நொய்யல் ஆறு அங்கிருந்து எவ்வளவு தூரம், விடுதியில் ஜெனரேட்டர் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார். இரண்டாவது மாடியில் அறை தருவார்கள் என்று உறுதியான பிறகுதான் ஃபீஸ் கட்டினார்.